‘பலரிலிருந்து ஒரே மக்கள்’: ஜமைக்காவின் குறிக்கோளுரை எவ்வளவு உண்மை?

கரைவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வகுப்புக்காகக் கரீபியத் தீவுகளின் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜமைக்காவைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். 1962 ஆகஸ்ட் 6 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது அந்நாடு ஏற்றுக்கொண்ட குறிக்கோளுரை ‘பலரிலிருந்து ஒரே மக்கள்’ என்பதாகும். எந்த நூலைத் திறந்தாலும் ஆப்பிரிக்கர், ஆங்கிலேயர், ஸ்காட்லாந்தியர், இந்தியர், சீனர், யூதர், லெபனானியர் என்று ஒரு வரிசை வருகிறது. இவர்கள் எல்லோரும் கலந்ததே ஜமைக்கா என்று அடுத்த பத்தி முடிந்துவிடுகிறது.

ஆனால் 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது எனக்குக் குழப்பம் ஏற்பட்டது. ஏறக்குறைய 27 லட்சம் மக்களில் 92.1 விழுக்காட்டினர் தங்களைக் கறுப்பினத்தவர் என்று பதிந்திருக்கிறார்கள். கலப்பினத்தவர் 6.1 விழுக்காடு, இந்திய வம்சாவளியினர் ஒரு விழுக்காடுகூட இல்லை, சீனர் அதனினும் குறைவு. அப்படியானால் அந்தப் ‘பலர்’ எங்கே இருக்கிறார்கள்? சுற்றுலாப் பயணிகளுக்காகவும் அரசு விழாக்களுக்காகவும் சொல்லப்படும் அழகான சொற்றொடர் மட்டும்தானா அது? அல்லது எண்களில் தெரியாத ஏதோ ஒன்றை அது சொல்கிறதா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி, நண்பரே. குறிக்கோளுரைக்கு வருவதற்கு முன்னால், அது எழுதப்பட்டிருக்கும் அரசுச் சின்னத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதன் மூல வடிவம் 1661இல் ஆங்கிலேய முடியாட்சி வழங்கியது. கேடயத்தின் ஒருபுறம் பழக்கூடை ஏந்திய தெய்னோ இனப் பெண். மறுபுறம் வில் ஏந்திய தெய்னோ ஆண். மேலே ஒரு முதலை. கேடயத்தில் சிவப்புச் சிலுவையின் மீது ஐந்து அன்னாசிப் பழங்கள். கொலம்பஸ் 1494இல் வந்து இறங்கியபோது அந்தத் தீவு தெய்னோ மக்களுடையது. ஸ்பானியர் ஆட்சியில் கட்டாய உழைப்பாலும் புதிய நோய்களாலும் அவர்கள் ஒரு சமூகமாக நிலைக்க முடியாமல் போனார்கள். 1962 வரை அந்தச் சின்னத்தின் கீழ் இருந்த இலத்தீன் வாசகத்துக்கு, ‘இரு இந்தியர்களும் ஒருவருக்கே ஊழியம் செய்வர்’ என்பது பொருள் (அமெரிக்கத் தொல்குடியினரையும் அக்காலத்தில் இந்தியர் என்றே அழைத்தார்கள்). அதை நீக்கிவிட்டுத்தான் ‘பலரிலிருந்து ஒரே மக்கள்’ என்று எழுதினார்கள். அதாவது, பெரும்பாலும் அழிக்கப்பட்ட ஒரு மக்கள் கேடயத்தைத் தாங்கி நிற்கிறார்கள். நாட்டின் பத்தில் ஒன்பது பேருக்கு முன்னோரான ஆப்பிரிக்கர் அந்தப் படத்தில் எங்குமே இல்லை. உங்கள் ஐயம் முழுவதும் அந்த ஒரு படத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஆகவே என் விடை இது: கலப்பு உண்மை, ஆனால் அது சம பங்குள்ள கலப்பு அன்று. ஆப்பிரிக்கா அடித்தளம், மற்றவை அதன்மேல் ஒட்டி வளர்ந்தவை. இதைச் சொல்லாமல் இனப் பெயர்களை வரிசையாக அடுக்கினால், பத்து லட்சத்துக்கு நெருக்கமான ஆப்பிரிக்கர்கள் கப்பல்களில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட தீவில், அவர்களும் பல குடியேறிகளுள் ஒரு வகையினர் என்பது போன்ற பொய்த் தோற்றம் உண்டாகிவிடும். 1655இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதைக் கரும்புப் பண்ணைகளின் நாடாக்கினார்கள். 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபோது அங்கே அடிமைப்பட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 3,11,000 பேர். பேரரசு முழுவதிலும் இருந்த உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கப்பட்டது. உழைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. முழு விடுதலைக்கு அவர்கள் 1838 வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது.

அவர்களுள் கானா நாட்டுக் கரையைச் சேர்ந்த அக்கான் மொழியினரின் தடம் ஆழமானது. அக்கான் மக்கள் குழந்தைக்குப் பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவார்கள். ஆங்கிலேயப் படைகளை மலைகளில் எதிர்த்து நின்று, 1739இல் அவர்களை உடன்படிக்கைக்கு வரச் செய்த மரூன் தலைவர் கட்ஜோவின் பெயர், திங்கட்கிழமை பிறந்த ஆணுக்கு இடும் கோஜோ என்ற பெயரேதான். பண்ணைகளிலிருந்து தப்பியவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களுமே மரூன்கள். ஸ்பானியர் வெளியேறிய காலத்திலேயே மலையேறிவிட்ட ஆப்பிரிக்கர்கள் அவர்களுள் மூத்தவர்கள். எஞ்சிய தெய்னோக்கள் சிலரும் அவர்களோடு சேர்ந்தனர் என்ற மரபும் உண்டு. அவர்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்திய மாட்டுக்கொம்புக்கு அபெங் என்று பெயர். அதுவும் அக்கான் சொல். மூர் டவுன் மரூன்களின் மரபை யுனெஸ்கோ 2003இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது. ஆனால் கட்டுரையில் அவர்களை மாசற்ற வீரர்களாக மட்டும் தீட்டிவிட வேண்டாம். இனித் தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் அந்த 1739 உடன்படிக்கையில் இருந்தது. அந்த வடு இன்றும் பேசப்படுகிறது.

‘கலப்பு’ என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லில் ஒரு மென்மை இருக்கிறது. நடந்ததில் மென்மை இல்லை. 1750இல் ஜமைக்காவுக்கு வந்து 1786இல் இறக்கும் வரை அங்கே வாழ்ந்த பண்ணைக் கண்காணி தாமஸ் திசில்வுட், அடிமைப் பெண்கள் மீது தான் நிகழ்த்திய வன்முறையைத் தானே நாட்குறிப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். கலப்பினத்தவர் என்று பதிவேடுகளில் காணப்படும் வகுப்பின் தோற்றுவாயில் பெரும்பகுதி இத்தகையதுதான். அந்த வகுப்பிலிருந்து வந்த ஜார்ஜ் வில்லியம் கார்டன், ஸ்காட்லாந்தியப் பண்ணையாருக்கும் அடிமைப் பெண் ஒருவருக்கும் பிறந்தவர். சட்டமன்ற உறுப்பினராக உயர்ந்து, ஏழைக் கறுப்பின உழவர்களுக்காகப் பேசினார். 1865 அக்டோபரில் மொரன்ட் பே எழுச்சியை அடக்கிய ஆளுநர் எட்வர்டு அய்ர் அவரைத் தூக்கிலிடச் செய்தார். மறுநாள் எழுச்சியின் தலைவர் பால் போகிளும் தூக்கிலிடப்பட்டார். இன்று இருவரும் அந்நாட்டின் தேசிய வீரர்கள். ‘ஒரே மக்கள்’ என்ற சொற்களுக்கு உண்மையான பொருள் தேட வேண்டுமானால் நான் அந்த இரண்டு தூக்குமேடைகளிடம்தான் போவேன்.

தென்றல்வீடு எழுதியது:

ஏட்டுச்சுவடி ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். கணவரின் பணி காரணமாகக் கிங்ஸ்டனில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவள் என்ற முறையில், கணக்கெடுப்பில் தெரியாத அந்தப் ‘பலரை’ நான் எங்கே கண்டேன் என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நான் அவர்களைக் கண்டது அடுப்படியில்.

எங்கள் பக்கத்து வீட்டு மூதாட்டி சனிக்கிழமைகளில் பேமி செய்வார். கசப்பு மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவித் துருவி, துணியில் கட்டி, கல்லை ஏற்றி வைத்துச் சாறு முழுவதும் வடியும் வரை அழுத்துவார். பிழிந்தெடுத்த மாவு ஈரமான மரத்தூளைப் போல உதிரியாக இருக்கும். அதைச் சலித்து, உப்பிட்டு, காய்ந்த இரும்புக் கல்லின் மேல் வட்டமாகப் பரப்பிக் கையால் தட்டுவார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமலே அது ஒட்டிக்கொண்டு தட்டையான அப்பமாகிவிடும். உண்ணும் வேளையில் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பொரித்து, வறுத்த மீனுடன் தருவார். பேமி தெய்னோ மக்களின் உணவு. அந்த மீனின் மேல் வெங்காயமும் காரட்டும் ஸ்காட்ச் பானெட் மிளகாயும் போட்டுக் காடியை ஊற்றி ஊறவைக்கும் முறையை எஸ்கோவிச் என்கிறார்கள். அது ஸ்பானியர் வழியாக வந்த பெயரும் பக்குவமும் ஆகும். ஒரு தட்டில் ஐந்நூறு ஆண்டுகள் இருந்தன. செய்தவர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். கணக்கெடுப்பில் அந்த 92.1 விழுக்காட்டுக்குள் ஒருவராகத்தான் இருப்பார்.

தேசிய உணவான அக்கியும் உப்புமீனும் இதே கதைதான். அக்கி மேற்கு ஆப்பிரிக்க மரம். அதன் பெயரும் அங்கிருந்தே வந்தது. சிவந்த காய் மரத்திலேயே தானாக வெடித்து மலர்ந்து, உள்ளே மூன்று கருவிதைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் வெளிர்மஞ்சள் சதையும் தெரிந்த பிறகே பறிக்க வேண்டும். வெடிக்காத காய் நஞ்சு. உடன் சேரும் காட் மீன் கரீபியக் கடலில் கிடைப்பதன்று; வட அமெரிக்கக் கரைகளில் பிடித்து, உப்பிட்டு உலர்த்தி, அடிமைகளுக்கு மலிவான உணவாகக் கப்பலில் கொண்டுவந்தது. மலிவென்று கொடுக்கப்பட்டதைத் தங்கள் மரத்தின் கனியோடு சேர்த்துச் சமைத்து, அதையே நாட்டின் உணவாக உயர்த்திவிட்டார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

சீனர்களைப் பற்றிச் சில சொற்கள். 1854இல் முதல் குழுவினர் வந்தார்கள். பெரும்பாலோர் ஹக்கா மொழியினர். பண்ணை வேலையை விட்டு ஊர்தோறும் மளிகைக் கடை வைத்தார்கள். சிறுகச் சிறுக அளந்து கொடுப்பதும் கடன் கொடுப்பதும் அவர்களுடைய வழக்கமாக இருந்ததால், ஏழை வீட்டின் அன்றாடத்தோடு பிணைந்துவிட்டார்கள். அந்தப் பிணைப்பு எப்போதும் இனிமையாக இருந்ததில்லை. 1918இல் இவார்டன் என்ற ஊரில் ஒரு காவலரைச் சீனக் கடைக்காரர் கொன்றுவிட்டார் என்ற வதந்தி கிளம்பி, பல ஊர்களில் சீனர் கடைகள் சூறையாடப்பட்டன. அந்தக் காவலரோ உயிருடன் இருந்தார். அதே சமூகத்தைச் சேர்ந்த லெஸ்லி காங்தான் 1962இல் பாப் மார்லியின் முதல் இசைத்தட்டை வெளியிட்டவர். வின்சென்ட் சின், பட்ரீசியா சின் தம்பதியர் கிங்ஸ்டனின் நார்த் பரேடில் நடத்திய இசைத்தட்டுக் கடையும் அதன் மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடமும் ரெகே இசையின் வரலாற்றில் நீங்காத இடம் பெற்றவை. பட்ரீசியா சின் இந்திய, சீன வம்சாவளியினர். ரெகேயைக் கறுப்பின மக்களின் இசை என்று சொல்வது முற்றிலும் சரி. ஆனால் அதைப் பதிந்து விற்றவர்களுள் யார் யார் இருந்தார்கள் என்று தேடினால் உங்கள் ‘பலர்’ மறுபடியும் எதிர்ப்படுவார்கள்.

யூதர்களுக்காக ஒரே ஒரு காட்சி. கிங்ஸ்டன் டியூக் தெருவில் உள்ள தொழுகைக்கூடத்தின் தரை முழுவதும் மணல் பரப்பியிருக்கிறார்கள். உள்ளே நடந்தால் காலடி ஓசை கேட்காது. ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் மதவிசாரணைக்கு அஞ்சி மறைவாகத் தொழுத முன்னோர், ஓசை வெளியே கேட்காமலிருக்க மணல் பரப்பியதன் நினைவு அது என்று அங்கே சொல்கிறார்கள். எகிப்திலிருந்து வெளியேறிய பண்டைய யூதர்களின் பாலைவனப் பயணத்தின் நினைவு என்பாரும் உண்டு. 1834இல் கிளீனர் நாளிதழைத் தொடங்கிய டி கார்டோவா சகோதரர்கள் இந்தச் சமூகத்தவரே.

நெடுங்கடல் எழுதியது:

கேள்வி கேட்டவர் தமிழ் மாணவர் என்பதால் இந்தியர் பகுதியைச் சற்று விரிவாகவும் சற்று எச்சரிக்கையாகவும் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அடிமைமுறை ஒழிந்த பின் பண்ணையார்கள் குறைந்த கூலிக்கு ஆள் தேடினார்கள். 1845 மே 10 அன்று ஓல்டு ஹார்பர் பே என்ற துறையில் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். அதன்பின் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வந்தவர்கள் சுமார் 36,000 பேர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியாக வந்த இன்றைய உத்தரப் பிரதேச, பிகார்ப் பகுதி மக்கள். சென்னை வழியாக வந்தவர்களும் இருந்தார்கள், ஆனால் குறைவு. எனவே ஜமைக்காவில் தமிழ் மரபைத் தேடிப் பெருமை கொள்ளும் ஆவலைக் கொஞ்சம் அடக்கிக்கொள்வது நல்லது. டிரினிடாடிலும் கயானாவிலும் இருப்பதைப் போன்ற பெரிய இந்தியச் சமூகம் அங்கே இல்லை.

இருந்தாலும் அவர்கள் விட்டுச்சென்றவை எண்ணிக்கைக்கு மீறியவை. ஆட்டுக்கறிக் குழம்பு இல்லாமல் ஜமைக்காவில் திருமணமும் இல்லை, இரங்கல் கூட்டமும் இல்லை என்று சொல்லத்தக்க அளவுக்கு அது பொதுவாகிவிட்டது. முஹர்ரம் நினைவாக மூங்கிலாலும் வண்ணத்தாளாலும் தாஜியா என்னும் கல்லறை மாதிரியைக் கட்டி ஊர்வலம் போகும் ஹோசே விழாவில் இந்துக்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் தாளம் கொட்டினார்கள். கஞ்சா என்ற சொல்லே அவர்கள் கொண்டுவந்தது. ராஸ்தஃபாரி இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான லியோனார்டு ஹவல், தமக்குக் கங்குங்குரு மராக் என்ற புனைபெயரைச் சூட்டிக்கொண்டார். எத்தியோப்பியப் பேரரசரைத் தெய்வமாகக் கண்ட ஓர் ஆப்பிரிக்க இயக்கத்தின் தொடக்கத்தில் இந்தி ஒலிக்கும் ஒரு பெயர் நிற்கிறது. சடைமுடிக்கும் புலால் தவிர்ப்புக்கும் இந்தியத் துறவிகளே மூலம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அதைக் கட்டுரையில் வாதம் என்றே எழுதுங்கள். ஆப்பிரிக்காவிலும் விவிலியத்திலும் அவற்றுக்கு வேர்கள் காட்டுவோர் உண்டு.

ஒரு வருத்தத்தையும் பதிந்துவிடுகிறேன். ‘கூலி’ என்பது நமக்கு உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அந்தச் சொல்லோடு தொடர்புடையதாகப் பலர் கருதும் ஒரு சொல்தான் அங்கே இந்தியரைக் குறிக்கும் இழிசொல்லாகப் பண்ணைகளில் வழங்கியது. இந்திய, ஆப்பிரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவரைக் ‘கூலி ராயல்’ என்று அழைப்பார்கள். சிலர் அதைப் பெருமையாகவே ஏற்றுக்கொள்கிறார்கள், எனக்கு அது கேட்கப் பொறுக்கவில்லை. 1995இல் அரசு மே 10ஐ இந்திய மரபு நாளாக அறிவித்தது. அறிவிப்பு வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

கரைவழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடித்தளம் ஒன்று, ஒட்டி வளர்ந்தவை பல என்ற சட்டகம் எனக்குத் தெளிவு தந்தது. இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. அவர்கள் பேசும் பட்வாவை ஆங்கிலத்தின் கொச்சை வடிவம் என்று ஒரு நூலில் படித்தேன், அது சரியா? மேலும், 1834க்குப் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து யாரும் வரவில்லை என்று எழுதலாமா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

இரண்டாவது முதலில்: எழுதக் கூடாது. சட்டவிரோத அடிமைக் கப்பல்களிலிருந்து பிரிட்டிஷ் கடற்படை மீட்ட ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரவர், 1840களிலும் அதன் பின்னும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஜமைக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். காங்கோப் பகுதியினர் பலர் செயின்ட் தாமஸ் வட்டாரத்தில் குடியேறினார்கள். அங்கே வழங்கும் குமினா என்னும் முன்னோர் வழிபாட்டில் கிகாங்கோ மொழிச் சொற்கள் இன்றும் பாடப்படுகின்றன. முரசைத் தரையில் கிடத்தி, அதன்மேல் இருபுறமும் கால் போட்டு அமர்ந்து, கைகளால் அறைந்துகொண்டே குதிகாலைத் தோலின் மேல் அழுத்தி ஒலியை உயர்த்தியும் தாழ்த்தியும் வாசிப்பார்கள்.

பட்வாவைக் கொச்சை என்பது தவறு. சொற்களில் பெரும்பகுதி ஆங்கிலம், எலும்புக்கூடு வேறு. ஆங்கிலத்தில் ஒருவரை விளிப்பதற்கும் பலரை விளிப்பதற்கும் ஒரே சொல்தான். ஜமைக்காவில் ஒருவருக்கு ‘யூ’, பலருக்கு ‘உனு’. நாம் நீ, நீங்கள் என்று பிரிப்பது போன்ற பிரிவு அது. ‘உனு’ என்பது நைஜீரியாவின் இக்போ மொழியிலும் அதே பொருளில் வழங்குகிறது. தங்களைப் பலராகச் சேர்த்து அழைக்கும் சொல்லை மட்டும் அவர்கள் பண்ணையாரின் மொழியிலிருந்து வாங்கவில்லை. உண்பதற்கு ‘ந்யாம்’ என்பதும் மேற்கு ஆப்பிரிக்கச் சொல். குழந்தைக்குப் ‘பிக்னி’ என்பது போர்த்துகீசியரின் வழி வந்தது. படித்தவர்கள் இந்த மொழியை இழிவாக எண்ணிய காலத்தில், லூயிஸ் பென்னட் இதிலேயே கவிதை எழுதி, மேடையேறி, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசினார். பட்வா ஆங்கிலத்தின் சிதைவு என்றால், ஆங்கிலமும் நார்மன் பிரெஞ்சு, இலத்தீன் ஆகியவற்றின் சிதைவுதானே என்று அவர் கேட்டார்.

கரைவழி எழுதியது:

தெளிவாயிற்று, ஐயா. கட்டுரையை அரசுச் சின்னத்தில் தொடங்குவதா, தென்றல்வீடு அம்மா எழுதிய பேமியில் தொடங்குவதா என்று யோசிக்கிறேன். பேமியே மேல் என்று படுகிறது.

தென்றல்வீடு எழுதியது:

அப்படியானால் ஒன்றை விடாமல் எழுதுங்கள், தம்பி. துணியில் கட்டிப் பிழியும்போது வடிகிற அந்தச் சாறு நஞ்சு. அதை அகற்றத் தெரியாதவர் கசப்பு மரவள்ளியைச் சமைத்து உண்டால் உயிருக்கே ஆபத்து. ஆப்பிரிக்கர்கள் கப்பலில் வந்து இறங்கியபோது மரவள்ளியைப் பயிரிட்டு வந்தவர்கள் தெய்னோக்கள்தாம். அந்த மக்கள் மறைவதற்கு முன்னால், அவர்களுள் யாரோ ஒருவர், மொழி புரியாத யாரோ ஒருவருக்கு, எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும், மாவு கையில் எப்படி உதிர வேண்டும் என்று அருகில் அமர்த்திக் காட்டித் தந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் இதை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். என் பாட்டியிடம் என்றார்.